ஒரு சிரிப்புக் கம்பெனியின் ஐந்தொகை

1922-ம் வருஷத்துக் கடைசி. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் மெக்ரம் என்று ஒரு பல் டாக்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒழுங்காகப் பல் தேய்க்கவேண்டும் என்று ஒரு பிரசாரப் படம் எடுக்க ஆசைப்பட்டார். ஊரில் புதிதாக ஒரு கார்ட்டூன் கம்பெனி இருப்பது தெரிந்து, அதன் முதலாளிக்கு போன் போட்டார். பணம் ரெடி. 500 டாலர். உடனே புறப்பட்டு வாருங்கள், பேசி முடித்துவிடலாம்.

500 டாலர்! அன்றைய தேதியில் அந்தக் கம்பெனிக்கு அது லாட்டரிப் பரிசு. முதலாளி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கவேண்டுமா இல்லையா? வரமுடியாது என்று சொல்லிவிட்டார்.

ஏனாம்?

காலுக்கு ஷூ இல்லை. இருந்த ஒரே ஜோடியை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் வேலையை முடித்துவிட்டார். ஆனால் மீட்டுக்கொண்டு வர ஒன்றரை டாலர் வேண்டும். அது கையில் இல்லை.

டாக்டர் நல்ல மனுஷர். தானே கிளம்பி வந்து, அந்த ஒன்றரை டாலரைக் கட்டி, ஷூவை வாங்கிக் காலில் மாட்டவைத்து, அப்புறம்தான் படத்தைப் பற்றிப் பேசினார்.

ஷூ இல்லாத முதலாளிக்கு அப்போது இருபத்தொரு வயசு. பெயர், வால்ட் டிஸ்னி.

மிக்கி மௌஸ், டிஸ்னிலாண்ட், கோடி கோடியாகப் பணம் என்று அவருடைய பிற்காலத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய கதை. காமெடியையும் டெக்னாலஜியையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து காசு பண்ணலாம் என்று நம்பிய பத்துப் பையன்களின் கதை. கம்பெனி ஒன்றேகால் வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆனால் உலகம் இன்றைக்கு வரை சிரித்துக்கொண்டிருப்பதில் பாதிக்கு அந்த மாடி ரூம்தான் விலாசம்.

*

வால்ட் 1901-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா எலியாஸ், தொட்டது எதுவும் துலங்காத ஜாதகம். விவசாயம் பார்த்தார், தேறவில்லை. குடும்பத்தோடு கன்சாஸ் சிட்டிக்கு வந்து பேப்பர் போடும் ஏஜென்சி எடுத்தார். ஒன்பது வயசுப் பையன் வால்ட், பனி கொட்டுகிற அதிகாலையில் எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போட்டான். சம்பளம்? பெற்ற பிள்ளைக்கு எதற்குச் சம்பளம் என்பது அப்பாவின் கட்சி. இப்படி ஆறு வருஷம்.

செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, முதல் உலகப்போர் முடிந்த கையோடு பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு, 1919-ல் ஊர் திரும்பினார். படம் வரையத் தெரியும். ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேதான் அந்த இன்னொரு பையனைப் பார்த்தார்.

அப் ஐவர்க்ஸ். வால்ட்டைவிடச் சில மாதங்கள் மூத்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அப்படி ஒரு அமைதி. ஆனால் பென்சிலைக் கையில் எடுத்தால் ராட்சசன். வால்ட்டோ நேரெதிர். வரைவது சுமார். பேச ஆரம்பித்தால் எதிராளி பர்ஸைத் திறந்தே தீரவேண்டும்.

ஒருத்தருக்கு வாய், ஒருத்தருக்குக் கை. கூட்டணிக்கு வேறென்ன வேண்டும்? 1920 ஜனவரியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு படம் வரையும் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஒரு மாதம், அவ்வளவுதான், படுத்துவிட்டது. இருவரும் உள்ளூரில் சினிமா தியேட்டர்களுக்கு விளம்பரப் படம் எடுக்கும் ஒரு கம்பெனிக்குச் சம்பளத்துக்குப் போனார்கள்.

அந்த விளம்பரப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன தெரியுமா? அட்டையில் ஒரு ஆளை வெட்டி, கை கால்களைத் தனித்தனியாகக் கோத்து, கேமராவுக்கு அடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் படமெடுப்பார்கள். கிட்டத்தட்ட தோல்பாவைக் கூத்து. வால்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. நியூயார்க்கில் வேறு மாதிரி செய்கிறார்களாமே? ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக வரைகிறார்களாமே? ஒரு மனிதன் கையைத் தூக்கிச் சலாம் போடுவதற்கே டஜன் கணக்கில் படம் வரையவேண்டும். ஆனால் திரையில் ஓடும்போது அட்டை பொம்மை மாதிரி இருக்காது. உயிர் இருக்கும்.

இதை எங்கே போய்க் கற்றுக்கொள்வது? நேரே நூலகத்துக்குப் போனார். எட்வின் லட்ஸ் என்பவர் கார்ட்டூன் படம் எடுப்பதைப் பற்றி எழுதிய புத்தகம் இருந்தது. 1920-ல் வந்த புத்தகம். எடுத்துவந்து உருப்போட்டார். ஆபீஸ் கேமராவை இரவல் கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்டில் அதை நிறுத்தி, பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரியெல்லாம் ஷெட் என்று ஓட ஆரம்பித்தார்.

ஊரில் நடக்கிற கூத்துகளைக் கிண்டலடித்து ஒரு குட்டிப் படம் தயார். நியூமன் தியேட்டர் மேனேஜரிடம் எடுத்துப் போய்ப் போட்டுக் காட்டினார். மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. என்ன விலை என்று கேட்டார். அடிக்கு முப்பது சென்ட் என்றார் வால்ட். சரி, எடுத்துக்கொள்கிறேன் என்று பட்டென்று முடித்துவிட்டார் மேனேஜர்.

வெளியே வந்து சந்தோஷத்தில் நடந்துகொண்டிருந்த வால்ட்டுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. அடிக்கு முப்பது சென்ட் என்பது அடக்க விலை. லாபத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்!

பி.காம். முதல் வருஷத்தில், அடக்க விலையும் விற்பனை விலையும் ஒன்றல்ல என்று எங்கள் புரொபசர் கரும்பலகையில் அடிக்கோடிட்டு எழுதிப் போட்டபோது நாங்கள் சிரித்தோம். இதைக்கூடவா சொல்லித்தருவார்கள்? சொல்லித்தரத்தான் வேண்டும்போலிருக்கிறது. பிற்பாடு இந்தக் கதையை வால்ட்டே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றைக்குச் சிரித்திருக்கமாட்டார்.

*

1922 மே மாதம், லாஃப்-ஓ-கிராம் ஃபிலிம்ஸ் முறைப்படி பதிவானது. தந்தி என்றால் டெலிகிராம். சிரிப்புத் தந்தி என்றால் லாஃப்-ஓ-கிராம். மூலதனம் 15,000 டாலர். உள்ளூர் ஆசாமிகளிடம் பேசிப் பேசியே பங்குகளை விற்றார் வால்ட். பேச்சு கைகொடுக்கும் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

கிழக்கு 31-வது தெருவில் ஒரு செங்கல் கட்டடம். அதன் மாடியில் ஆபீஸ். கார்ட்டூன் கற்றுக்கொள்ள விரும்பும் பையன்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம். ருடால்ஃப் ஐசிங் வந்தார். ஹியூ ஹார்மன் வந்தார். கார்மன் மாக்ஸ்வெல் வந்தார். எல்லாமே மீசை முளைத்தும் முளைக்காத வயசு. கொஞ்ச நாளில், நல்ல சம்பளத்தில் இருந்த அப் ஐவர்க்ஸும் பழைய வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

அனுபவம்? யாருக்கும் கிடையாது. முதலாளி உள்பட. நூலகப் புத்தகத்தில் கற்றதை முதலாளி சொல்லித்தருவார். மற்றவர்கள் வரைவார்கள். நியூயார்க் கார்ட்டூன்களின் பிரிண்ட் எங்காவது கிடைத்தால் ஒவ்வொரு ஃபிரேமாக வெளிச்சத்தில் பிடித்து ஆராய்வார்கள். பூனை எப்படி நடக்கிறது? எத்தனை படத்துக்கு ஒருமுறை கால் மாறுகிறது? இதுதான் பாடம், இதுதான் பரீட்சை.

நேரம் கிடைத்தால் மொட்டை மாடியில் கேமராவை வைத்துக்கொண்டு கூத்தடிப்பார்கள். அந்தப் புகைப்படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பார்த்தால் கம்பெனி மாதிரியே இருக்காது. கல்லூரி ஹாஸ்டல் மாதிரி இருக்கும்.

சிவப்புக் குல்லாய்ப் பெண், பூட்ஸ் போட்ட பூனை, சிண்ட்ரெல்லா என்று பாட்டி கதைகளையே எடுத்துக்கொண்டு, அதில் 1920-களின் மோட்டாரையும் சினிமா தியேட்டரையும் நுழைத்துக் கிண்டலடிப்பதுதான் அவர்களது பாணி. ஆறு படங்கள். வாங்குவதற்கு டென்னஸியிலிருந்து பிக்டோரியல் கிளப்ஸ் என்றொரு கம்பெனி வந்தது. மொத்த விலை 11,100 டாலர். ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தத் தடவை லாபமெல்லாம் சேர்த்துத்தான் விலை போட்டிருந்தார்கள்.

ஆனால் அட்வான்ஸ் எவ்வளவு? நூறு டாலர்.

மீதி பதினோராயிரம்? 1924 ஜனவரி முதல் தேதி தருகிறோம் என்று எழுதியிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டார்களா, படித்துவிட்டும் போட்டார்களா? எப்படியிருந்தாலும் பலன் ஒன்றுதான். ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் சம்பளம், வாடகை, ஃபிலிம், கரண்ட் எல்லாவற்றையும் நூறு டாலரில் ஓட்டவேண்டும். போதாக்குறைக்குச் சில மாதங்களில் அந்த டென்னஸி கம்பெனியே திவாலானது. முடிந்தது கதை.

கணக்கு நோட்டில் பார்த்தால் லாஃப்-ஓ-கிராம் பணக்காரக் கம்பெனி. வரவேண்டிய பாக்கி மட்டுமே பதினோராயிரம். கல்லாவைத் திறந்து பார்த்தால் கரப்பான் பூச்சி. விற்பனை வேறு, வசூல் வேறு. இதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது நாலு பேர் மூழ்கித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். அப் ஐவர்க்ஸே பழைய விளம்பரக் கம்பெனிக்குத் திரும்பிப் போனார். குறை சொல்லமுடியாது, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வால்ட்டால் அறை வாடகை தரமுடியவில்லை. ஆபீஸிலேயே படுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருநாள் யூனியன் ஸ்டேஷனுக்கு நடந்து போய், பத்து சென்ட் கொடுத்துக் குளித்துவிட்டு வருவார். கீழே கிரேக்கர்கள் இரண்டு பேர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் அக்கவுண்ட். அது ஏறிக்கொண்டே போனது. ஊர்க் குழந்தைகளைப் படமெடுத்துக் கொடுத்துக் காசு பார்க்கிற வேலைகூடச் செய்துபார்த்தார்.

பல் டாக்டர் போன் செய்தது இந்த சமயத்தில்தான்.

ராத்திரி எல்லோரும் போனபிறகு, ஆபீஸில் துணைக்கு இருந்தவை எலிகள் மட்டும்தான். குப்பைக்கூடையில் கிடக்கும் ரொட்டித் துண்டுகளைத் தேடி வரும். அவற்றில் சிலவற்றைப் பிடித்து வளர்த்ததாகவும், ஒரு எலி மேஜையில் ஏறி விளையாடும் அளவுக்குப் பழகிவிட்டதாகவும் பிற்காலத்தில் வால்ட் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பாரோ என்னமோ. கதை சொல்வதுதானே அவர் தொழில்?

*

1923-ல் கடைசியாக ஒரு சூதாட்டம்.

அன்றைக்கு நியூயார்க்கில் ஃபிளைஷர் சகோதரர்கள் ஒரு வித்தை காட்டிப் பேர் வாங்கியிருந்தார்கள். நிஜ மனிதர்கள் இருக்கும் உலகத்துக்குள் மைப்புட்டியிலிருந்து ஒரு கார்ட்டூன் கோமாளி குதித்து வருவான். வால்ட் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டார். கார்ட்டூன் உலகத்துக்குள் ஒரு நிஜக் குழந்தை போனால்? வர்ஜினியா டேவிஸ் என்கிற நாலு வயசுச் சுருட்டை முடிக் குழந்தையைப் பிடித்து, படமெடுத்து, அதைச் சுற்றிப் பூனையும் சிங்கமும் வரைந்து சேர்த்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய தொழில்நுட்ப வித்தை.

படம் முடிந்தது. கூடவே பணமும் முடிந்தது. கம்பெனி திவால்.

கேமராவை விற்று ரயில் டிக்கெட் வாங்கினார் வால்ட். முதல் வகுப்பு டிக்கெட்! அதுதான் வால்ட். அட்டைப் பெட்டியில் துணிமணி, பையில் 40 டாலர், கையில் அந்தக் குழந்தை நடித்த படத்தின் பிரிண்ட். இவ்வளவுதான் சொத்து. கலிபோர்னியாவில் சித்தப்பா ராபர்ட் இருந்தார். வாரத்துக்கு ஐந்து டாலர் வாடகை என்று சொல்லித்தான் அவரும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்.

நியூயார்க்கில் மார்கரெட் விங்க்ளர் என்கிற பெண் விநியோகஸ்தருக்கு அந்தப் பிரிண்ட் பிடித்துப்போனது. அதே மாதிரி வரிசையாக எடுத்துக் கொடு, ஒரு படத்துக்கு 1,500 டாலர் என்று ஒப்பந்தம் வந்தது. 1923 அக்டோபர் 16. டிஸ்னி கம்பெனியின் பிறந்தநாள் இதுதான்.

இந்தத் தடவை வால்ட் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் காசநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ராயை எழுப்பி, பார்ட்னராக்கினார். ராய் பேங்க்கில் வேலை பார்த்தவர். அடக்க விலையும் விற்பனை விலையும் ஒன்றல்ல என்று தெரிந்தவர். சித்தப்பாவிடம் 500 டாலர் கடன் வாங்கினார்கள். அடுத்த வருஷம் அப் ஐவர்க்ஸும் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார். ஹார்மன், ஐசிங் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். கன்சாஸ் சிட்டி மாடி ரூம் அப்படியே ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

*

1927-ல் ஒரு முயல் வந்தது. ஆஸ்வால்ட் என்று பெயர். யுனிவர்சல் கம்பெனிக்காக விங்க்ளரின் கணவர் சார்லஸ் மின்ட்ஸ் மூலம் எடுத்த படங்கள். ஓஹோவென்று ஓடின. ஒரு படத்துக்கு 2,250 டாலர் வந்துகொண்டிருந்தது. 2,500 கேட்கலாம் என்று 1928 பிப்ரவரியில் மனைவி லில்லியனையும் அழைத்துக்கொண்டு நியூயார்க்குக்கு ரயிலேறினார் வால்ட்.

மின்ட்ஸ் சிரித்தார். 1,800 தருகிறேன் என்றார்.

குறைக்கிறாரே என்று வால்ட் திகைத்து நின்றபோது அடுத்த குண்டு விழுந்தது. உன் ஆட்களில் முக்கால்வாசிப் பேரிடம் நான் தனியாக ஒப்பந்தம் போட்டுவிட்டேன். முயலும் உன்னுடையதில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார். பார்த்தார்கள். ஆமாம். ஆஸ்வால்ட் யுனிவர்சலின் சொத்து. உருவாக்கினது யாராக இருந்தால் என்ன, சட்டப்படி முயல் அடுத்த வீட்டுக்காரனுடையது.

கூடவே கஷ்டப்பட்ட கன்சாஸ் சிட்டிப் பையன்கள்! ஹார்மனும் ஐசிங்கும் மாக்ஸ்வெல்லும். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்திருக்கும். வால்ட் வேலை வாங்குவதில் கொஞ்சம் கடுமையான ஆசாமிதான். ஆனால் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அப் ஐவர்க்ஸ்.

திரும்பிவரும் ரயிலில்தான் அந்த எலி பிறந்தது என்று வால்ட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம். ஆனால் காகிதத்தில் அதற்கு உருவம் கொடுத்தது அப். இரண்டு வட்டக் காது, ஒரு வட்டத் தலை, ரப்பர்க் கை, ரப்பர்க் கால். வேகமாக வரையத் தோதான உருவம்.

வேகம் முக்கியம். ஏனென்றால் அதே ஸ்டுடியோவில், ஓடிப்போகிற கோஷ்டி மிச்சமிருந்த முயல் படங்களை முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் எலிப் படம் தயாராகவேண்டும். அப் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது கதவைத் தட்டினால் எலிப் படத்தின் மேல் வேறு படத்தைப் போட்டு மூடுவார். ஒரே நாளில் 700 படம் வரைந்தார் என்று சொல்வார்கள். வரைந்ததை மை போட்டுத் தயாராக்கும் வேலை வால்ட் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. லில்லியனும் ராயின் மனைவி எட்னாவும்தான் தொழிலாளர்கள். மறுபடியும் ஷெட்!

விமானம் ஓட்டும் எலியைப் பற்றிய அந்த முதல் படம் 1928 மே மாதம் தயார். ஒருத்தரும் வாங்கவில்லை. இரண்டாவது படமும் எடுத்தார்கள். அதையும் யாரும் சீந்தவில்லை.

அதற்குமுன் 1927 அக்டோபரில், ஜாஸ் சிங்கர் படத்தின் மூலம் சினிமா பேச ஆரம்பித்திருந்தது. வால்ட்டுக்குப் பொறி தட்டியது. எலியைப் பேசவைத்தால் என்ன? விசிலடிக்கவைத்தால் என்ன?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எப்படிச் செய்வது? நடிகன் பேசும்போதே பதிவு செய்யலாம். வரைந்த எலி எப்போது எங்கே கால் வைக்கிறது என்று பாட்டு வாசிப்பவனுக்கு எப்படித் தெரியும்?

வழி சொன்னவர் வில்ஃப்ரெட் ஜாக்சன் என்கிற புதுப் பையன். அவருடைய அம்மா பாட்டு டீச்சர். வீட்டில் மெட்ரோனோம் உண்டு. டிக் டிக்கென்று தாளம் சொல்லும் கருவி. பேசும் படத்தில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. விநாடிக்கு இரண்டு தாளம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 12 ஃபிரேமுக்கும் ஒரு தட்டு. அப்படியானால் பாட்டைப் படத்துக்குப் பொருத்தவேண்டாம். படத்தையே தாளத்துக்கு வரைந்துவிடலாம்! எலி கால் வைப்பதும், நீராவிக் கப்பல் குலுங்குவதும், ஆட்டின் வாலைத் திருகுவதும் எல்லாமே பன்னிரண்டின் கணக்கு. சிரிப்புக்குக் கணக்கு வாத்தியார் கிடைத்துவிட்டார்.

படம் பாதி முடிந்ததும் ஒரு ராத்திரி பரிசோதனை. புரொஜெக்டர் சத்தம் கேட்கக்கூடாது என்று ராய் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு படத்தை ஓட்டினார். உள்ளே ஜாக்சன் மவுத் ஆர்கன். அப்பும் மற்றவர்களும் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டினார்கள். பார்வையாளர்கள் யார்? வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வால்ட்டுக்கும் அப்புக்கும் தூக்கம் போய்விட்டது. வரைந்த எலி தாளம் தப்பாமல் ஆடுகிறது!

நியூயார்க்கில் ஒலிப்பதிவு. பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்து முதல் தடவை பதிவு செய்தபோது தாளம் எங்கேயோ, எலி எங்கேயோ. பணம் காலி. மறுபடியும் பதிவு செய்யவேண்டும். வால்ட் தன் ஆசைக் காரை விற்கச் சொல்லித் தகவல் அனுப்பினார். ராய் விற்றார். இந்தத் தடவை திரையிலேயே குதிக்கும் பந்து ஒன்றைத் தாளத்துக்குத் தோதாகக் காட்டினார்கள். ஆர்கெஸ்ட்ராவின் கண் பந்தின் மேல். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

1928 நவம்பர் 18. பிராட்வேயில் காலனி தியேட்டர். ஸ்டீம்போட் வில்லி. ஏழெட்டு நிமிஷப் படம். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மற்றதெல்லாம் சரித்திரம்.

*

இங்கே முடித்தால் வெற்றிக் கதை. ஆனால் ஐந்தொகை இன்னும் முடியவில்லை.

ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, படங்களையும் விநியோகம் செய்த பேட் பவர்ஸ் என்கிற ஆசாமி, வசூல் கணக்கைக் காட்டவே மாட்டேன் என்றார். 1930 ஜனவரியில் அதைக் கேட்க வால்ட் நியூயார்க்குக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு சேதி காத்திருந்தது. அப் ஐவர்க்ஸ் ராஜிநாமா. வாரம் 300 டாலர் சம்பளத்தில் தனி ஸ்டுடியோ வைத்துத் தருவதாகச் சொல்லி, பவர்ஸ் அவரை வளைத்துவிட்டார்.

மின்ட்ஸ் கூப்பிட்டபோது போகாத அப், இப்போது ஏன் போனார்?

ராத்திரியில் எல்லோரும் போனபிறகு வால்ட் வந்து, அப் வரைந்த படங்களின் வேகக் கணக்கை மாற்றி வைத்துவிட்டுப் போவார். வரைந்தவனுக்கு அது எப்படி இருக்கும்? தவிரவும், எலியை வரைந்தது ஒருத்தர், புகழ் இன்னொருத்தருக்கு. பேசத் தெரிந்தவன் மேடையில் நிற்கிறான். பேசாத மனுஷன் அறைக்குள் உட்கார்ந்து வரைகிறான். எத்தனை நாள்தான் பொறுப்பார்?

அப்புக்கு டிஸ்னி கம்பெனியில் 20 சதவிகிதப் பங்கு இருந்தது. கணக்கைத் தீர்த்து வாங்கிக்கொண்டு போனார். எவ்வளவு தெரியுமா? 2,920 டாலர்.

மறுபடி படியுங்கள். டிஸ்னியில் ஐந்தில் ஒரு பங்கு. மூவாயிரம் டாலர்கூட இல்லை. அதன் இன்றைய மதிப்பைக் கணக்குப் போட்டால் கால்குலேட்டரில் பூஜ்ஜியங்களுக்கு இடம் போதாது.

அவருடைய சொந்த ஸ்டுடியோ 1936-ல் மூடப்பட்டது. தவளைக் கதாநாயகன் ஒருவனைப் படைத்தார். அழகாகத்தான் வரைந்தார். ஆனால் கதை சொல்ல வால்ட் பக்கத்தில் இல்லையே. 1940-ல் அப் டிஸ்னிக்கே திரும்பி வந்தார். பங்குதாரராக இல்லை. சம்பளக்காரராக.

இந்தத் தடவை அவர் பென்சிலைத் தொடவில்லை. கருவிகளைத் தொட்டார். பென்சில் படங்களை ஜெராக்ஸ் முறையில் நேரே பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றும் உத்தியைக் கொண்டுவந்தார். 1961-ல் வந்த 101 டால்மேஷன்ஸ் படத்தின் அத்தனை நாய்களும் அப்படி வந்தவைதான். நிஜ மனிதர்களையும் கார்ட்டூனையும் ஒன்றாகச் சேர்க்கும் முறையைச் செப்பனிட்டார். 1964-ல் வந்த மேரி பாப்பின்ஸில் பென்குவின்கள் மனிதரோடு நடனமாடுகின்றன அல்லவா? அந்த நுட்பத்துக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. நாலு வயசுக் குழந்தையைக் கார்ட்டூனுக்குள் அனுப்பிய கன்சாஸ் சிட்டி வித்தை, நாற்பது வருஷம் கழித்து முழுமையடைந்தது. வால்ட் 1966-ல் காலமானார். அப் 1971-ல்.

ஓடிப்போன பையன்கள்? ஹார்மனும் ஐசிங்கும் 1930-ல் வார்னர் பிரதர்ஸுக்காக லூனி டியூன்ஸை ஆரம்பித்தார்கள். மாக்ஸ்வெல் அதன் முதல் கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தார். பத்து வருஷம் கழித்து எம்.ஜி.எம்.மில் ஒரு பூனையும் எலியும் துரத்திக்கொண்ட முதல் படம் வந்தபோது, தயாரிப்பாளர் என்று பெயர் போட்டிருந்தது ருடால்ஃப் ஐசிங்குக்கு. அந்தப் பூனையும் எலியும்தான் டாம் அண்ட் ஜெர்ரி. முயலும் வீடு திரும்பியது. 2006-ல் ஒரு விளையாட்டு வர்ணனையாளரை மறு தரப்புக்கு விட்டுக்கொடுத்து, பண்டமாற்றாக ஆஸ்வால்டை வாங்கிக்கொண்டது டிஸ்னி. 2024 ஜனவரி முதல் தேதியோடு ஸ்டீம்போட் வில்லியின் காப்புரிமை அமெரிக்காவில் காலாவதியாகிவிட்டது. அந்தக் கறுப்பு வெள்ளை எலி இப்போது ஊர்ப் பொதுச்சொத்து.

யோசித்துப் பாருங்கள். மிக்கி மௌஸ், லூனி டியூன்ஸ், டாம் அண்ட் ஜெர்ரி. மூன்றின் வேரும் ஒரே மாடியில் இருக்கிறது. கையில் நூறு டாலர் அட்வான்ஸோடு மூழ்கிப்போன ஒரு கம்பெனியில்.

1923-ல் லாஃப்-ஓ-கிராம் திவாலானபோது கோர்ட்டில் சொத்துப் பட்டியல் கேட்டிருப்பார்கள். கேமரா, மேஜை, நாற்காலி, வராத பாக்கி என்று எழுதலாம். சம்பளமில்லாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு பூனையின் நடையைக் கற்றுக்கொண்ட பையன்களை எந்தத் தலைப்பில் எழுதுவது? நான் படித்த கணக்கியலில் அதற்குப் பத்தி கிடையாது. 2,920 டாலருக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அப் ஐவர்க்ஸுக்கும் அது கிடைத்திருக்காது.